செடிக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்

1

முதலில் வந்தது தைல வாசனை. யாரோ டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார்கள். ஏசி அறையை அது ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்கு உடனே ஏப்ரல் மாதம் ஆகிவிட்டது. பெங்களூரில் அல்ல, வாணியம்பாடியில்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பெரிய கூடம், சுற்றுவதாகப் பேர் பண்ணும் மின்விசிறிகள், வெள்ளை நூல் கட்டிய தாள்கள், சிவப்பு மை, பதினோரு மணிக்கு வடை. மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு வாத்தியாரும் மணிக்கட்டில் தைலம் தேய்க்கத் தொடங்குவார். அந்த நெடிக்குள் உட்கார்ந்து, தாளைப் புரட்டி, டிக் போட்டு, கூட்டி, கட்டி, அடுத்த கட்டு. எத்தனை ஊர்ப் பிள்ளைகளின் எத்தனை ராத்திரிப் படிப்பு இந்த மணிக்கட்டு வழியாகப் போயிருக்கிறது.

"இன்னா சார், மூக்கைப் புடிச்சுக்கினு? வாசனை ஆவாதா? மூடிடட்டா?"

திரும்பினேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, தைல டப்பாவும் கையுமாக.

"வேணாம் மேடம். திறந்தே இருக்கட்டும். ஊர் தெரியுது."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு டப்பாவை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். ஸ்டெல்லா மிஸ் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். பிரேசர் டவுன்காரர். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

மூன்று மணி நேர ரயில் தூரத்தை வெளிநாடு மாதிரி எழுதுகிறானே என்று ஊரில் சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஜோலார்பேட்டையில் ஏறினால், குப்பம், பங்காரப்பேட்டை என்று ஸ்டேஷன் பலகையின் எழுத்து இரண்டு தரம் மாறிவிடும். இரண்டாவது எழுத்துக்குள் நான் வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.

2

வந்தது மனைவியின் வேலைக்காக. ஓசூர் ரோட்டில் அவளுக்கு நல்ல வேலை; பொம்மனஹள்ளியில் வீடு. எனக்கென்ன, பி.எஸ்சி., பி.எட்., அறிவியல் வாத்தியார், ஒளியும் நீராவியும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே நடந்துகொள்ளும் என்று நம்பி மூட்டை கட்டினேன்.

ஒளி அப்படித்தான் நடந்துகொண்டது. அலுவலகம்தான் வேறு மாதிரி. என் படிப்பு இந்த மாநிலத்துப் படிப்புக்குச் சமம் என்று ஒரு தாள் வேண்டும் என்றார்கள். அந்தத் தாளுக்கு, என் சான்றிதழ் என்னுடையதுதான் என்று அந்த மாநிலத்திலிருந்து ஒரு தாள். அங்கே போனால், அப்படி ஒரு தாள் கேட்கிறார்கள் என்பதற்கு இங்கிருந்து ஒரு தாள். ஜோலார்பேட்டை வழியாக நான் போய் வந்ததைவிட என் தாள்கள் அதிகம் போய் வந்திருக்கின்றன.

கடைசியில் சமம் என்று தாள் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது: கன்னடத் தாள் எழுதித் தேற வேண்டும். சரி என்று ஒரு கைடு வாங்கினேன். பசு பற்றிய கட்டுரை, மைசூர் பற்றிய கட்டுரை, தலைமையாசிரியருக்கு விடுப்புக் கடிதம். மூன்றையும் புள்ளி பிசகாமல் மனப்பாடம் செய்தேன். முதல் தடவை மழை பற்றிக் கேட்டார்கள். பசுவை மழையில் நனையவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டாம் தடவை சந்தைக்குப் போனதைக் கேட்டார்கள். பசுவைச் சந்தைக்கு ஓட்டிப் போனேன். இரண்டு தடவையும் தேறவில்லை. அதற்குப் பிறகு எழுதவே போகவில்லை. தனியார் பள்ளிகளில் வருஷா வருஷம் தற்காலிக வாத்தியார். ஏப்ரலில் பூச்செண்டு கொடுப்பார்கள், ஜூனில் திரும்பக் கூப்பிட்டால் உண்டு.

அதனால்தான் இந்த வேலை பெரிதாகத் தெரிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்று பல நாடுகள் சேர்ந்து ஒரு தேர்வு வைக்கின்றன. அந்த மாதிரித் தேர்வு ஒன்றுக்கு இங்கே முன்னோட்டம். ஏ, பி, சி, டி என்று தேர்ந்தெடுக்கும் விடைகளை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் சொந்தமாக எழுதிய விடைகளுக்கு மட்டும் மனுஷக் கண் வேண்டும். கன்னடத்துக்குப் பெரிய கூட்டம். ஆங்கிலத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம். பெங்களூரில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மூலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நானும் ஸ்டெல்லா மிஸ்ஸும். இரண்டு வாரம் தாக்குப் பிடித்தால் அடுத்த வருஷத்திலிருந்து நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். இதற்குக் கன்னடத் தாள் வேண்டாம். எனக்கு ஏப்ரல் பூச்செண்டு இல்லாத ஒரு வேலை, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக.

3

வேலை எளிது. அதுதான் அதிலிருந்த கஷ்டம்.

திரையில் ஒரு விடை வரும். சரி என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். அரை கிடையாது. கால் கிடையாது. கையெழுத்து அழகுக்கு ஒன்றும் கிடையாது. அதே விடையை ஸ்டெல்லா மிஸ் தனியாகப் பார்த்துத் தன் எண்ணைப் போடுவார். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்தது. ஒத்துப்போகாவிட்டால் நாகராஜ் சாரிடம் போகும்.

நாகராஜ் சார் எங்கள் தலைவர். தும்கூர் பக்கம். மெல்லிய குரல், தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு வறுத்த கடலை. அவர் தீர்ப்பில் யார் எண் தவறோ அவர் பெயருக்கு நேரே சுவரில் தொங்கும் அட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு. முதல் வாரத்தில் மூன்று பொட்டு வரை பொறுப்பார்கள். நாலாவது விழுந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஒன்று. செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. அட்டையில் என் பெயருக்கு நேரே மூன்று பொட்டும் வரிசையாக நின்றன.

மூன்றும் ஒரே தவறு. முகாமில் எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பு, அந்த 'கீ', அப்படி. முக்கியச் சொல் இருக்கிறதா, டிக். அடிக்கோடு போட்டிருக்கிறதா, சந்தோஷமான டிக். கண் அந்தச் சொல்லை மட்டும்தான் தேடும், சோற்றில் கல் தேடுகிற மாதிரி. இங்கேயும் அதையே செய்தேன். 'ஆவியாதல் என்பது' என்று ஒரு விடை தொடங்கினாலே என் விரல் ஒன்றை அழுத்திவிடும். கேட்ட கேள்வி என்னவோ அந்தப் பிள்ளை அதைத் தொட்டிருக்கவே மாட்டான். புத்தகத்தின் பத்தியை அப்படியே இறக்கி வைத்திருப்பான், நான் பசுவை இறக்கி வைத்தது போல.

"சார், கேள்வி இன்னா கேட்டுச்சு?" ஸ்டெல்லா மிஸ் புதன்கிழமை கேட்டார்.

"ஈரத் துணி ஏன் நிழல்ல மெதுவா காயுதுன்னு."

"பையன் இன்னா சொல்றான்?"

"ஆவியாதல்னா என்னன்னு."

"அட்ரஸ் கேட்டா பேர் சொல்றான். அதுக்குப் போய் ஒண்ணு குத்திட்டீங்களே."

"முப்பது வருஷப் பழக்கம் மிஸ்."

"பழக்கத்தை ஊருக்குப் பார்சல் பண்ணிடுங்க. இன்னும் ஒண்ணு விழுந்துச்சுன்னா நான் இங்க தனியா குந்திக்கினு யாருகிட்ட பேசறது? அந்தக் கன்னட டேபிள்ல ஒருத்தர் கூட கடி ஜோக் சொல்லமாட்டேங்கறாங்க."

4

அன்று சாயங்காலம் வீட்டில் என் மகள் யாழினி காலை நீட்டிக்கொண்டு கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதினைந்து வயது. ஆங்கில வழி. இரண்டாம் மொழி கன்னடம், அதில் வகுப்பில் முதல். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் இங்கே எழுதுவதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், நடுவில் எழுந்து போய்விடுவாள்.

"அப்பா, அந்த எக்ஸாமுக்கு சிலபஸ் என்ன?"

"சிலபஸ் கிடையாதும்மா."

"அப்ப என்ன படிப்பாங்க?"

"படிச்சிட்டு வரக்கூடாது. தெரிஞ்சதை வச்சு யோசிக்கணும்."

"மார்க் எப்ப வரும்?"

"எழுதினவங்க யாருக்கும் மார்க் வராது. எல்லாத்தையும் மொத்தமா சேர்த்து, இந்த நாட்டுப் பசங்க எப்படின்னு பார்ப்பாங்க."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். இது அபூர்வம்.

"படிக்க வேணாம். மார்க்கும் இல்ல. செம்ம எக்ஸாம்ப்பா. என்னை ஏன் எடுக்கல?"

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சீருடையைக் காட்டினேன். "எடுத்திருந்தா? சொல்லு, இது மாடியில சீக்கிரம் காயுது, பால்கனியில ஏன் லேட்டா காயுது?" பாடப்புத்தகத்திலேயே இருக்கும் கேள்விதான், ரகசியம் ஒன்றும் இல்லை.

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். ஆவியாதல் என்பது, கொதிநிலைக்குக் கீழே, ஒரு திரவம், வாயுவாக மாறும் நிகழ்வு. எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எதற்கு அடிக்கோடு என்பதுகூட அவள் குரலில் கேட்டது. ஏனென்றால் அதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

"சரிம்மா. ஆனா பால்கனியில ஏன் லேட்டு?"

யாழினி கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா."

அவள் மறுபடியும் கைப்பேசிக்குள் போய்விட்டாள். அந்தச் சீருடை பால்கனிக் காற்றில், கேட்காத கேள்வி மாதிரி, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

5

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு அந்த விடை வந்தது.

கேள்வியை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் கேள்வியை மாற்றி, விடையையும் அதற்கேற்பக் கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன். ஏரியும் தண்ணீரும் என் சரக்கு. ஷிஃப்ட் மட்டும் அந்தப் பிள்ளையுடையது. அதை மாற்ற மனசு வரவில்லை.

ஓர் ஏரி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். விடியற்காலையில் குறைவாக இருக்கிறது, மதியம் அதிகமாக இருக்கிறது. ஏன்?

விடை:

'காத்து செய்யறது செடியோட வேலை. செடிக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். மூச்சு விடறவங்களுக்கு மூணு ஷிஃப்டும் உண்டு. அதனால விடியக்காலையில ஸ்டாக் கம்மியா இருக்கும். மதியம் ஏறிடும்.'

சிரித்துவிட்டேன். ஓசூர் ரோட்டு ஃபாக்டரிப் பிள்ளை என்று அந்த விடையின் நெற்றியில் எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டே, ஒளிச்சேர்க்கை எங்கே என்று தேடினேன். இல்லை. ஆக்சிஜன்? அதுவும் இல்லை. காத்தாம். பூஜ்யம் போட்டேன். புதன்கிழமை வாங்கிய திட்டுக்குப் பிறகு கறாராக இருக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமிதம்.

திரை மஞ்சளானது. ஸ்டெல்லா மிஸ் ஒன்று போட்டிருந்தார்.

நாகராஜ் சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூஜ்யம் போட்டவர்தான் விடையை வாசிக்க வேண்டும். மற்றவர் வாய் திறக்கக் கூடாது. "ஜீரோ ஹாகிதவரே ஓதி," என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை எழுதாத எதையும் சேர்க்காமல், எழுதிய எதையும் விடாமல், கன்னடத்தில் சொல்ல வேண்டும்.

நான் அட்டையைப் பார்த்தேன். மூன்று பொட்டு. வெறுமனே, 'செடி பகலில் வேலை செய்யும், இரவில் செய்யாது' என்று மட்டும் சொல்லி, மூச்சு விடுகிறவர்களைச் சொல்லாமல் நிறுத்தினால் பூஜ்யம் நின்றுவிடும். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு ஒரு பொட்டு விழும். அவருக்கு அது முதல் பொட்டு. அவருக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு, நான் எதை விட்டாலும் தெரிந்துவிடும். ஆனால் அவர் தைல டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார், மூடியில் ஏதோ எழுதியிருப்பது போல.

விடையை வரி வரியாகக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினேன்.

"சார், காத்து மாடோது கிடத கெலச."

காற்றுக்குக் கன்னடத்தில் என்ன சொல்வது என்பது அந்த நேரம் பார்த்து வரவில்லை. வாயைக் குவித்து ஊதிக் காட்டினேன். கன்னட மேசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். நாகராஜ் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "கொத்தாய்த்து, முந்தே," என்றார். புரிந்தது, மேலே போங்கள்.

"கிடக்கே ஹகலு ஷிஃப்டு மாத்ர. உசிராடோரிகே மூரு ஷிஃப்டு."

மிச்ச இரண்டு வரியையும் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ ஒன்று திரும்பிக்கொண்டது. பிடித்துக்கொள்ள ஒரு பெரிய சொல்லும் இல்லை. பசு இல்லை. அடிக்கோடு இல்லை. இரவு முழுக்க ஏரியில் எல்லா உயிரும், செடியும் சேர்த்துத்தான், மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. செய்து போடுகிறவர் யாரும் இல்லை. மேலே வெளிச்சம் வருகிறது. ஒவ்வோர் இலையாக வேலைக்கு வந்து நிற்கிறது. முப்பது வருஷமாக நான் பலகையில் எழுதிய அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிந்தது.

நாகராஜ் சார் கடலை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். காற்று என்றால் எந்தக் காற்று? பிள்ளை சொல்லியிருக்கிறாளா?

வழி திறந்துதான் இருந்தது. 'எழுதவில்லை சார்' என்று சொல்லலாம். பொய்யும் ஆகாது. நான் வேலையில் இருப்பேன். ஏப்ரல் வந்தாலும் இருப்பேன்.

திரையை இன்னொரு தரம் படித்தேன். மூச்சு விடறவங்களுக்கு மூணு ஷிஃப்டும் உண்டு. ஸ்டாக் கம்மியா இருக்கும். அவள் சொல்லியிருக்கிறாள். பெயர் சொல்லவில்லை, அட்ரஸ் சொல்லியிருக்கிறாள்.

"சொல்லியிருக்கா சார்," என்று தமிழில் ஆரம்பித்து, பிறகு கன்னடத்துக்குத் தாவினேன். "உசிராடோரு கர்ச்சு மாடோ காத்து." மூச்சு விடுகிறவர்கள் செலவழிக்கிற காற்று.

அவர் கடலையை மென்று முடித்தார்.

"சரி. ஒந்து," என்றார்.

ஒன்று. ஸ்டெல்லா மிஸ் மூக்கை உறிஞ்சினார்; தைலம்தான் என்று அவர் பின்னால் சொன்னார். நாகராஜ் சார் எழுந்து போய் அட்டையில் என் நாலாவது பொட்டை வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த விடையைத் திருத்துகிறவர்களுக்கான வழிகாட்டியில் மாதிரி விடையாகச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். இனி இந்தக் கேள்விக்கு எந்த மொழியில் யார் உட்கார்ந்தாலும் அந்த ஷிஃப்டைப் படித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். எழுதிய பிள்ளைக்கு மட்டும் இது ஒருபோதும் தெரியாது. அது பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது; திரையில் பெயர் வராது. 'அவள்' என்று ஆக்கிக்கொண்டது நாங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குள் பையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இருந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் லேசான கால்களும் கூடவே இருந்தன.

6

ஸ்டெல்லா மிஸ் பஸ் ஸ்டாப்வரை வந்தார். அரை நாள் லீவு சொல்லிவிட்டாராம்.

"ஜீரோவே நிக்கட்டும்னு உட்டிருந்தா இந்நேரம் உள்ள பிசிபேளா பாத் சாப்டுக்கினு இருப்பீங்க," என்றார்.

"உங்களுக்கு ஒரு பொட்டு விழுந்திருக்கும்."

"நம்ம நெத்தியிலதான் பொட்டு இல்ல சார், அட்டையிலயாவது ஒண்ணு விழட்டும். ஆனா நீங்க உட்டிருந்தீங்கன்னா நாளைக்கு உங்க தைலம் நீங்கதான் கொண்டாரணும்."

இருவரும் சிரித்தோம். வெயில் அடித்தது. ஸ்டாப்புக்குப் பின்னால் மதில்மேல் ஒரு காட்டுக்கொடி ஏறிக்கிடந்தது. அதன் இலைகள் எல்லாம் பளபளவென்று வேலையில் இருந்தன. அதைக் காட்டினேன். "டிஸ்டர்ப் பண்ணாதீங்க," என்றார் அவர்.

"இனிமே இன்னா பண்ணப்போறீங்க?"

"ஜூன்ல எங்கயாவது கூப்பிடுவாங்க."

"அந்தக் கன்னடப் பேப்பர்?"

"அதை விட்டுட்டேன் மிஸ். ரெண்டு தடவை பசுவோட போய் வந்தது போதும்."

அவர் குடையை மடக்கினார். பிரேசர் டவுன் பக்கம் போகிற பஸ் வந்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் பை, ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று கண்டக்டருக்குச் சந்தேகம் வரும்படி படியில் நின்று திரும்பினார்.

"ஒரு வார்த்தை தெரியாம ஊதிக் காட்டினீங்களே, அந்த மனுஷனுக்கு முழுசா புரிஞ்சுச்சு இல்ல? மறுபடியும் போய் எழுதுங்க சார். இந்தத் தடவை எதையும் மனப்பாடம் பண்ணாம போங்க."